பழைய பெயிண்டும் மரப்படகும்: தடைக்காலத்தில் அடிக்கடி வரும் கேள்விகள்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் கரையேறும் இந்த நாட்களில்தான் ஓடாவிக்கும் (படகுத் தச்சர்) பெயிண்டருக்கும் கைநிறைய வேலை. வலைக்கூடத்து மூலையில் கிடக்கும் பழைய டப்பாக்கள் வெளியே வருவதும் இப்போதுதான். போன வருடத்து மிச்சம், அதற்கு முந்தின வருடத்து மிச்சம், அப்பா காலத்து டின் ஒன்று. திறந்து பார்த்ததும் கேள்விகளும் வரும்.

ஃபைபர் படகுக்காரர்களுக்கு இந்தப் பக்கத்தில் அவ்வளவாக எதுவும் இல்லை. இது பலகை அடித்த வள்ளம், வத்தை, மர விசைப்படகு, தோணி வைத்திருப்பவர்களுக்கு.

டப்பாவில் போட்ட தேதி தாண்டிவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

தேதியை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். என்ன வகை, மூடி திறந்ததா, எங்கே கிடந்தது என்ற மூன்றையும் பாருங்கள்.

மூடி திறக்காத சாதாரண எனாமல், அதாவது எண்ணெய் வகைப் பெயிண்ட், நிழலில் இருந்திருந்தால் பத்து வருடம் கழித்தும் நன்றாகவே இருக்கலாம். அதே டப்பாவைப் பாதி எடுத்துவிட்டு மூடியைச் சரியாக அழுத்தாமல் தகரக் கூரைக்குக் கீழே வைத்திருந்தால் ஒரே கோடையில் கெட்டிப்பட்டுவிடும். எனாமல் காற்றில் உள்ள ஆக்சிஜனை இழுத்துத்தான் காய்கிறது. டப்பாவுக்குள் பாதி இடம் காற்று என்றால், பெயிண்ட் உள்ளேயே காய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டு டப்பாவாக வரும் பாலியூரித்தேன், எபாக்சி விஷயம் வேறு. அடிப்பலகைக்கு அடிக்கும் பாசித்தடுப்புப் பெயிண்டும் வேறு. அவற்றுக்குத் தனித்தனியாகக் கீழே பதில் இருக்கிறது.

படகில் அடிக்கும் முன் எப்படிச் சோதிப்பது?

படகுக்குப் போட்ட அதே ஜாதி மரத்தில் ஒரு துண்டு எடுங்கள். தேக்கென்றால் தேக்கு, அயினி என்றால் அயினி. அதையும் ஒரு கண்ணாடித் துண்டையும் பக்கத்தில் வைத்து இரண்டிலும் மெல்லிசாக ஒரு கோட் அடித்து, நிழலில் காற்றோட்டமாக விட்டுவிடுங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு விரலால் தொட்டுப் பாருங்கள்.

இரண்டும் காய்ந்திருந்தால் பெயிண்ட் நல்லது. இரண்டிலும் பிசுபிசுத்தால் கோளாறு பெயிண்டில். கண்ணாடியில் காய்ந்து மரத்தில் காயவில்லை என்றால் பழி மரத்தின் மேல். புது டப்பா வாங்கினாலும் அதே கதைதான் நடக்கும். கண்ணாடியை வைக்கச் சொல்வது இதற்காகத்தான். இந்த ஒரு நாளைச் செலவழிக்க மனமில்லாமல் நேரே படகில் அடித்துவிட்டுப் பிறகு ஒரு வாரம் சுரண்டுகிறவர்கள் ஒவ்வொரு தடைக்காலத்திலும் இருக்கிறார்கள்.

மேலே தடியாக ஏடு படிந்திருக்கிறது. கலக்கிவிடலாமா?

கலக்கவே கூடாது. காய்ந்த ஏடு எந்தத் தின்னருக்கும் திரும்பக் கரையாது. கலக்கினால் துணுக்குத் துணுக்காக உடைந்து பிரஷ்ஷில் ஏறி, பலகை முழுக்கச் சொறிபிடித்த மாதிரி ஆகிவிடும்.

கத்தி நுனியால் டப்பாவின் உள்விளிம்பை ஒட்டிச் சுற்றி அறுத்து, ஏட்டை ஒரே துண்டாகத் தூக்கி எடுங்கள். கீழே இருப்பதைக் கலக்கிய பிறகு பழைய நைலான் துணியிலோ மெல்லிய வேட்டித் துணியிலோ வடிகட்டுங்கள். விளிம்பில் துரு இருந்தால் அதை முதலில் துடைத்துவிடுங்கள். வெள்ளைப் பெயிண்டில் விழுந்த துருத்தூள் பிறகு பழுப்புப் புள்ளியாகத் தெரியும்.

ஏடு விரல் தடிமனுக்கு மேல் இருந்தால், எண்ணெயில் பெரும்பங்கு ஏட்டோடு போய்விட்டது. அடியில் மிஞ்சியதில் நிறத்தூள் அதிகம், பிசின் குறைவு. அடித்தால் மினுமினுப்பு இருக்காது. வெயிலில் சீக்கிரம் சுண்ணாம்பு போல உதிரும். இன்ஜின் அறைக்குள் அடித்துத் தீர்க்கலாம், வெளிப்பக்கத்துக்கு வேண்டாம்.

அடியில் மண்டி கல் மாதிரி உறைந்துவிட்டது. என்ன செய்வது?

மேலே தெளிந்து நிற்பதைக் கீழே ஊற்றிவிடாதீர்கள். பெயிண்டைப் பலகையோடு பிடித்துவைப்பதே அந்தத் திரவம்தான். அதைச் சுத்தமான வேறொரு டின்னில் ஊற்றி வையுங்கள். பிறகு அகலமான தட்டைக் குச்சியால் அடி மண்டியைக் குத்திக் கிளறி, களி பதத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன்பின் எடுத்துவைத்த திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஊற்றிக் கலக்க வேண்டும். கடைசியில் ஒரு டின்னிலிருந்து இன்னொரு டின்னுக்கு நாலைந்து தடவை மாற்றி மாற்றி ஆற்றுங்கள். டீக்கடைக்காரர் கைவேலைதான்.

தட்டைக் குச்சி முக்கியம். உருண்டைக் கம்பி மண்டியில் துளை போடுமே தவிர, அதைத் தூக்காது. டிரில்லில் பொருத்தும் கலக்கி இருந்தால் மெதுவாக ஓட்டுங்கள். வேகமாக ஓட்டினால் காற்றுக் குமிழி புகுந்து, அடித்த பூச்சில் ஊசித் துளைகள் வரும்.

மண்டி இல்லை, ஏடும் இல்லை. மொத்தமும் ஜெல்லி மாதிரி ஆடுகிறது.

அது முடிந்துபோனது. தின்னர் ஊற்றினால் சிறு சிறு கட்டிகளாக உடைந்து மிதக்கும், கரையாது. துத்தநாக வெள்ளை போன்ற காரத்தன்மையுள்ள நிறத்தூள் பிசினில் உள்ள அமிலத்தோடு மெல்ல மெல்ல வினைபுரிந்து டப்பாவுக்குள்ளேயே இப்படி இறுகிவிடும். காற்று புகுந்து ஆவதும் உண்டு. எந்தக் காரணமானாலும் திருப்ப வழியில்லை.

கெட்டியாக இருப்பதெல்லாம் ஜெல்லி அல்ல. குச்சியைத் தூக்கும்போது தேன் போல நூலாக வழிந்தால் தின்னர் இளகவைக்கும். துண்டு துண்டாகப் பிய்ந்து விழுந்தால் விட்டுவிடுங்கள்.

அடித்து மூன்று நாள் ஆகிறது, இன்னும் பிசுபிசு என்று ஒட்டுகிறது. ஏன்?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. காரணம் ஒன்றல்ல.

முதல் காரணம் பெயிண்டின் வயது. எனாமல் தானாகவும் காயும், ஆனால் நாள் கணக்கில் இழுக்கும். சீக்கிரம் காய வேண்டும் என்பதற்காகக் கம்பெனியிலேயே கோபால்ட் போன்ற உலோக உப்புகளைச் சேர்க்கிறார்கள். கடைக்காரர்கள் டிரையர் என்பது இதைத்தான். டப்பா வருடக்கணக்கில் கிடக்கும்போது இந்த டிரையர் நிறத்தூளின் மேல் போய் ஒட்டிக்கொண்டு வேலை செய்யாமல் போய்விடுகிறது. கரித்தூள் போட்ட கறுப்புதான் இதில் முதல் குற்றவாளி. சில சிவப்புகளும் உண்டு. ஒரே நாளில் வாங்கி ஒரே இடத்தில் வைத்த வெள்ளை காய்ந்துவிடும், கறுப்பு காயாது. கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் இதை நினைவில் வையுங்கள்.

இதற்கு மருந்து உண்டு. வன்பொருள் கடையில் கிடைக்கும் லிக்விட் டிரையரை வாங்கி, அதன் டப்பாவில் சொன்ன அளவில் பாதியை மட்டும் முதலில் சேர்த்துக் கலக்கி, மறுபடியும் மரத்துண்டில் சோதியுங்கள். லிட்டருக்கு ஒரு டீஸ்பூனைத் தாண்ட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. கூடுதலாக ஊற்றினால் மேல்பரப்பு மட்டும் சட்டென்று இறுகி, அடியில் பச்சையாகவே நின்று, சுருங்கிப்போகும்.

இரண்டாவது காரணம் மரம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசையும், எனாமல் காய்வதைத் தடுக்கும் பொருள்களும் இருக்கின்றன. புதிதாகச் சீவிய தேக்குப் பலகையை அசிட்டோனோ என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரோ நனைத்த துணியால் துடைத்து, அது பறந்தவுடன் அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். துடைத்துவிட்டு மறுநாள் வந்தால் எண்ணெய் மறுபடி மேலேறியிருக்கும்.

மூன்றாவதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நம் கரையில் மரப்படகுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெயும் மீன் எண்ணெயும் பூசுவது பழைய பழக்கம்; நல்ல பழக்கமும்கூட. முந்திரிக்கொட்டை எண்ணெயில் இருக்கும் பீனால் வகைச் சேர்மங்கள் பூச்சிக்கு ஆகாது, பூஞ்சைக்கும் ஆகாது. ஆனால் அதே சேர்மங்கள் எனாமலுக்கும் ஆகாது. ஆக்சிஜனோடு சேர்ந்து இறுக வேண்டிய வேலையை அவை பாதியில் நிறுத்திவிடும். எண்ணெய் பூசி வந்த படகில் எனாமல் அடிக்க ஆசைப்பட்டால், எண்ணெய் முழுதாக இறுகிக் காய்ந்த பிறகு சொரசொரப்பாகத் தேய்த்து, ஒரு பலகையில் மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள். என் அபிப்பிராயம் கேட்டால், பரம்பரையாக எண்ணெய் குடித்த படகுக்கு எண்ணெயே போதும். அழகுக்காக அணியத்தில் (படகின் முன்பக்கம்) பெயர் எழுதும் இடத்தை மட்டும் விட்டுவைத்துப் பெயிண்ட் அடியுங்கள்.

கழிவு இன்ஜின் ஆயில் பூசிய உள்பலகைக்கு இந்த யோசனை எதுவும் செல்லாது. அந்த ஆயில் என்றைக்கும் காயாது. அதன் மேல் எந்தப் பெயிண்டும் பிடிக்காது.

காயாத பூச்சின் மேல் நல்ல பெயிண்டை அடித்து மூடிவிட்டால்?

அடியில் இளக்கம், மேலே இறுக்கம். ஒரே மாதத்தில் முதலைத் தோல் போல வெடிக்கும்.

நல்ல வெயிலும் காற்றும் இருந்தால் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் அப்போதும் தடம் விழுந்தால், சுரண்டியால் வழித்து, டர்பன்டைன் நனைத்த துணியால் மிச்சத்தைத் துடைத்து, காய்ந்த பின் உப்புத்தாள் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. பிசுபிசுப்போடு உப்புத்தாள் போட்டால் தாள்தான் வீணாகும்.

தின்னர் தீர்ந்துவிட்டது. மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் எதையாவது ஊற்றலாமா?

மண்ணெண்ணெய் மெதுவாகத்தான் ஆவியாகும்; பூச்சு காய்வதை இழுத்தடிக்கும், மினுமினுப்பைக் கெடுக்கும். டீசலில் ஒரு பகுதி ஆவியாகவே ஆகாது, பூச்சுக்குள்ளேயே தங்கிவிடும். பெட்ரோல் நொடியில் பறந்துவிடும், கூடவே தீ ஆபத்து. எனாமலுக்கு டர்பன்டைன்தான், கடையில் மினரல் டர்பன்டைன் என்று கேட்டாலும் சரி. நூற்றுக்கு ஐந்து, மிஞ்சினால் பத்து பங்கு.

என்.சி. தின்னரை எனாமலில் ஊற்றாதீர்கள். பால் திரிந்ததுபோல ஆகலாம். ஆகாவிட்டாலும், அடியில் இருக்கும் பழைய பூச்சைக் கிளப்பிவிடும்.

காய்ந்துவிட்டது, ஆனால் முகம் சுருங்கின மாதிரி இருக்கிறது.

தடியாக அடித்திருப்பீர்கள், அல்லது நடு மதிய வெயிலில் அடித்திருப்பீர்கள். பழைய பெயிண்ட் கெட்டியாக இருப்பதால் கையறியாமலே கோட் தடித்துவிடும். மே மாத வெயிலில் கறுத்த பலகை கைவைக்க முடியாத சூடு ஏறும். அதில் பட்டவுடன் மேல்தோல் காய்ந்து, உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற வழியில்லாமல் குமிழியாகும்.

காலைப் பனி காய்ந்த பிறகு தொடங்கி, பத்து பத்தரைக்குள் நிறுத்திவிடுங்கள். மீண்டும் மூன்று மணிக்கு மேல், படகின் நிழல் விழும் பக்கமாக. ஆனால் பொழுது சாய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே பிரஷ்ஷைக் கழுவிவிட வேண்டும். ஈரப்பூச்சில் இரவுப்பனி இறங்கினால் மினுமினுப்பு செத்து, சாம்பல் பூத்ததுபோல் விடியும். மதியம் கடல்காற்று எழும் நேரமும் சரிவராது. உப்பும் மணலும் சேர்ந்து வந்து ஒட்டும்.

கொப்புளம் கொப்புளமாகக் கிளம்புகிறது. பெயிண்ட் பழசு என்பதாலா?

அநேகமாக இல்லை. கொப்புளத்தைக் குத்திப் பாருங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால், பலகை ஈரமாக இருக்கும்போதே அடித்திருக்கிறீர்கள். வெயில் ஏற ஏற உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே தள்ளுகிறது.

கரையேற்றியவுடன் நல்ல தண்ணீரால் கழுவாமல் விட்டாலும் இதே கதிதான். மரத்தில் தங்கிய உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எத்தனை நாள் வெயில் அடித்தாலும் பலகை முழுதாகக் காயாது. முதல் வேலை பாசி, சிப்பி சுரண்டுவது. இரண்டாவது வேலை நல்ல தண்ணீர்க் குளிப்பு. கடல் தண்ணீரால் கழுவினால் கழுவாத கணக்குத்தான்.

ஈரம் பார்க்க எளிய வழி: பலகையில் ஒரு சாண் அகலப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் தாளின் உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

அதற்காக ரொம்பவும் காயவிடுவதும் வம்பு. பலகை சுருங்கிப் பொருத்து வாய் திறக்கும். அந்த நிலையில் இடைவெளியைக் கெட்டிப் பட்டியால் நிரப்பிப் பெயிண்ட் அடித்தால், கடலில் இறக்கியதும் பலகை ஊறி விரிந்து பட்டியைப் பிதுக்கித் தள்ளும். பூச்சும் கோடு போட்டாற்போல் வெடிக்கும். பலகை இடுக்குகளைத் திணித்து அடைக்கும் கலப்பற்று வேலையை ஓடாவி முடித்த பிறகு, இளகும் பட்டியாகப் பார்த்துக் கொஞ்சம் பள்ளமாகவே வைக்கச் சொல்லுங்கள்.

பச்சை அடித்தேன். ஒரு பக்கம் நீலம் பாய்ந்தும் ஒரு பக்கம் மஞ்சள் பாய்ந்தும் நிற்கிறது.

பல பச்சைகள் மஞ்சளும் நீலமும் சேர்ந்த கலவைதான். நெடுநாள் கிடந்த டப்பாவில் இரண்டு தூளும் தனித்தனியாகப் பிரிந்து, இலேசானது மேலேயும் கனமானது அடியிலும் போய்விடும். அடிமண்டியைச் சரியாகத் தூக்காமல் மேலாக எடுத்து அடித்தால் இப்படித்தான் ஆகும். ஒன்றுக்கு மேற்பட்ட டப்பா இருந்தால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டுத் தொடங்குங்கள். வேலை நடக்கும்போதும் அவ்வப்போது அடியைக் கிளறிக்கொண்டே இருங்கள். ஏற்கெனவே அடித்த பக்கத்தை லேசாகத் தேய்த்துவிட்டு இன்னொரு கோட் அடித்தால் சரியாகும்.

வெள்ளை எனாமல் மஞ்சளாக இருக்கிறதே?

மேலே நிற்கும் எண்ணெய்தான் மஞ்சள். கலக்கினால் பெரும்பாலும் போய்விடும். வெளிச்சம் படாத உள்ளறைகளில் எண்ணெய்ப் பெயிண்ட் எப்படியும் காலப்போக்கில் மஞ்சளிக்கும். அது புதுப் பெயிண்டுக்கும் பொருந்தும்.

இரண்டு டப்பா பெயிண்ட் இருக்கிறது. ஒன்று மூடியே திறக்கவில்லை, இன்னொன்று பாதி.

பாலியூரித்தேன் என்றால் ஹார்டனரைத்தான் பார்க்க வேண்டும். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு வாயுவை விடும். கடலோரக் காற்றில் இதற்குச் சில வாரங்களே போதும். டப்பா உப்பியிருந்தாலோ, திரவம் கலங்கியிருந்தாலோ, அடியில் கட்டி தெரிந்தாலோ கதை முடிந்தது. உப்பிய டப்பாவை முகத்துக்கு நேரே வைத்துத் திறக்கவும் வேண்டாம்.

எபாக்சி கொஞ்சம் பொறுமைசாலி. பிசின் பக்கம் வெள்ளை வெள்ளையாகச் சர்க்கரைபோல் உறைந்திருந்தால் அது கெட்டுப்போனதல்ல. டப்பாவைச் சுடுநீர்ப் பாத்திரத்தில், ஐம்பது அறுபது டிகிரிச் சூட்டில் இறக்கி வைத்தால் உருகித் தெளிந்துவிடும். தண்ணீர் மட்டும் உள்ளே போகக்கூடாது. அடித்த பின் மேலே மெழுகு மாதிரி ஒரு வழுக்கல் வந்தால், சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு உப்புத்தாள் போடுங்கள். கழுவாமல் அடுத்த கோட் போனால் ஒட்டாது.

வேறு கம்பெனி ஹார்டனரை, வேறு விகிதத்தில், "ஏதோ ஒன்று காயட்டும்" என்று கலக்குவது மட்டும் வேண்டாம். காய்ந்தாலும் காயும், ஒரு மழைக்கு உரிந்தாலும் உரியும்.

அடிப்பலகைக்கு அடிக்கும் பழைய பாசித்தடுப்புப் பெயிண்ட் கிடக்கிறது. உபயோகிக்கலாமா?

எவ்வளவு பழசு என்று முதலில் சொல்லுங்கள்.

2008-க்கு முந்தின டப்பா என்றால், அல்லது எந்த வருடம் என்றே தெரியாவிட்டால், தொடாதீர்கள். அந்தக் காலத்துப் பெயிண்டுகள் பலவற்றில் டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம் இருந்தது. பாசி, சிப்பி, மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு எதையும் அண்டவிடாத சரக்கு. ஆனால் அது கடல்நீரில் கசிந்து மற்ற உயிர்களையும் கெடுத்தது. பிரான்சின் அர்காசோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பே குலைந்துபோய், 1982-இல் அந்த நாடு சிறு படகுகளுக்கு இதைத் தடைசெய்தது. பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்ததையும் கண்டார்கள். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் இதைத் தடைசெய்து கொண்டுவந்த ஒப்பந்தம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மீன் பிடிக்கிற நாமே மீன் குஞ்சு பொரிக்கிற கழிமுகத்தில் அதைக் கரைத்துவிடக்கூடாது.

அதற்குப் பிந்தியது, செம்பு ஆக்சைடு போட்டது என்றால் சோதித்துப் பார்க்கலாம். செம்பு ஆக்சைடு தண்ணீரைப் போல ஆறு மடங்கு கனம். ஆகவே மண்டி எனாமலில் வருவதைவிடப் பல மடங்கு இறுகியிருக்கும். அதைக் கடைசித் துளிவரை தூக்கிக் கலக்காவிட்டால் நீங்கள் அடிப்பது வெறும் நிறத்தண்ணீர்தான். விஷம் டப்பாவின் அடியிலேயே கிடக்கும். நாலு மாதத்தில் சிப்பி ஏறிவிட்டது, பெயிண்ட் கள்ளச்சரக்கு என்று சொல்லப்படுவதில் பாதி இந்த வகைதான்.

அடித்த பிறகு எத்தனை நாளுக்குள் தண்ணீரில் இறக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கும். அதையும் பாருங்கள். தடைக்காலத் தொடக்கத்திலேயே அடித்துவிட்டு ஜூன் நடுவரை வெயிலில் காயப்போட்டால் சில வகைகள் வீரியம் இழந்துவிடும். எல்லா வேலையும் முடிந்து, இறக்குவதற்கு முந்தின நாட்களில் அடிக்க வேண்டிய பூச்சு இது. ஈரம் பட்டு மேலே பச்சை பூத்திருந்தால் செம்பு நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தேய்த்தால் உள்ளே பழைய நிறம் தெரியும். அலுமினியத் தகடோ பொருத்தோ இருக்கும் இடத்தில் செம்புப் பெயிண்ட் நேரடியாகப் படக்கூடாது. கடல்நீரில் அலுமினியத்தை அது அரித்துவிடும்.

அடிப்பலகைக்கு எனக்கு ஒரே விதி: சந்தேகம் இருந்தால் அங்கே பழைய பெயிண்ட் வேண்டாம். மேல்பக்கம் தவறினால் மறுநாள் திருத்தலாம். அடிப்பக்கம் தவறினால் அடுத்த தடைக்காலம்வரை காத்திருக்க வேண்டும், அதுவரை கப்பல்புழு காத்திருக்காது. தினமும் மணலில் இழுத்துப் போடும் சிறு வள்ளத்துக்கோ இந்தப் பூச்சே தேவையில்லை.

தாத்தா காலத்து ரெட் லெட் டின் இருக்கிறது. ஆணித்தலைக்கு அடிக்க நல்லதென்கிறார்களே?

ஒரு காலத்தில் நல்லதென்றே எல்லாக் கடலிலும் அடித்தார்கள். அது ஈய ஆக்சைடு. ஆளிவிதை எண்ணெயோடு கலந்து வைத்தால் டப்பாவுக்குள்ளேயே இறுகும் குணமுள்ளது. அதனால்தான் அப்போது தூளாக வாங்கி, வேலை நாளன்று எண்ணெயில் குழைத்தார்கள். உங்கள் டின் இந்நேரம் கல்லாகத்தான் இருக்கும். தூளாகவே இருந்தாலும் எடுக்காதீர்கள். ஈயம் உடம்பில் சேரும், பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். ஆணித்தலைக்கு இன்றைய எபாக்சி பிரைமரே போதும்.

படகிலேயே பழைய பூச்சு அடுக்கடுக்காக இருக்கிறது. தேய்த்துவிட்டு அடிக்கலாமா?

நன்றாகப் பிடித்திருக்கும் பூச்சை முழுக்க எடுக்க வேண்டியதில்லை. கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, மேலே டேப் ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். துண்டுகள் டேப்போடு வராவிட்டால், மேலாகச் சொரசொரப்பாக்கினால் போதும்.

எச்சரிக்கை வேறொன்று. வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எனாமல்களில் ஈய குரோமேட் இருக்க நிறையவே வாய்ப்புண்டு. தொழிற்சாலைப் பெயிண்டுகள் அந்த விதிக்குள் வரவும் இல்லை. ஆகவே பழைய பூச்சை உலர்வாகத் தேய்க்க வேண்டாம். தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பரால் தேயுங்கள். முகத்தில் கட்டும் துண்டு ஈயத்தூளைத் தடுக்காது; தூசிக்கான முகமூடி வேண்டும். கீழே தார்ப்பாய் விரித்துச் சுரண்டலைச் சேர்த்து எடுங்கள். அதே மணலில்தான் நாளைக்குக் கருவாடு காயப்போகிறது. பிள்ளைகளும் அங்கேதான் விளையாடுகிறார்கள்.

தார் பூசிய பலகையின் மேல் எனாமல் அடிக்கலாமா?

தார் மேலேறிப் பழுப்புக் கறையாக வரும், எனாமலும் வெடிக்கும். தாருக்கு மேல் தார்தான்.

அலுமினியப் பெயிண்ட் டின் பந்து மாதிரி உப்பியிருக்கிறது.

உள்ளே ஈரம் பட்டு அலுமினியத்தூள் ஹைட்ரஜனை விட்டிருக்கிறது. பீடி, அடுப்பு, வெல்டிங் எதுவும் அருகில் இல்லாத திறந்தவெளியில், மூடியின் ஓரத்தில் மெதுவாகச் சிறு வழி விட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். பெயிண்டில் வெள்ளிப் பளபளப்பு போய்ச் சாம்பலாக இருக்கும். அழகுக்கு ஆகாது. ஆனால் கட்டிப்படாமல் இருந்தால், பிசின் கசியும் மரக்கணுக்களை அடைக்க முதல் கோட்டாக அடிக்கலாம். காய்கிறதா என்று வழக்கம்போல் பார்த்துவிட்டு.

மிச்சமான எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்தால் ஒரு நிறம் கிடைக்காதா?

எனாமலோடு எனாமல் சேரும். ஒரு கரண்டி அளவில் முதலில் கலந்து, ஒரு மணி நேரம் கட்டிப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கிடைக்கும் நிறம் அநேகமாகச் சேற்றுநிறமாக இருக்கும். மீன் அறையின் வெளிப்பலகை, இன்ஜின் அறை, தளத்தின் அடிப்புறம் இவற்றுக்கு யார் பார்க்கப்போகிறார்கள்? மீனோ ஐஸோ நேரே படும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

எபாக்சி, குளோரினேட்டட் ரப்பர், என்.சி. வகைகளை எனாமலோடு சேர்க்காதீர்கள்.

உதவாது என்று ஆனதை எங்கே போடுவது? எண்ணெய்த் துணிகளை?

கடலிலும் மணல்குழியிலும் வேண்டாம். எனாமல் மிச்சமாக இருந்தால் மூடியைத் திறந்து, மணல் கலந்து, பிள்ளைகள் எட்டாத இடத்தில் முழுதாகக் கெட்டியாகும்வரை விட்டு, பிறகு உள்ளாட்சியில் அபாயக் கழிவு என்று தனியாக எடுக்கும் இடத்தில் கொடுங்கள். ஈயம், வெள்ளீயம் உள்ளதாகச் சந்தேகப்படும் டின்களைத் திறக்காமலே, வேறெதனோடும் கலக்காமல் கொடுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் படகுக்குள் வீசிவிட்டுப் போகாதீர்கள். எண்ணெய் காயும்போது வெப்பம் வெளியிடும். சுருட்டிய துணிக்குள் அது வெளியேற முடியாமல் சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

இந்த வருடத்து மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு எப்படி வைப்பது?

பெரிய டப்பாவில் கால்பங்கு மிச்சம் என்றால், அது விளிம்புவரை நிரம்பும் சின்ன டின்னுக்கு மாற்றுங்கள். காற்றுக்கு இடமில்லாவிட்டால் ஏட்டுக்கும் இடமில்லை. மூடி உட்காரும் பள்ளத்தைத் துடைத்து, மேலே மரக்கட்டை வைத்துச் சுற்றிவரத் தட்டி மூடுங்கள். நேரே சுத்தியலால் அடித்தால் மூடி நெளிந்து காற்று போகும். சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள், கடலோரத் தரை ஈரத்தில் டின்னின் அடி துருப்பிடித்து ஓட்டையாகிவிடும். டப்பாவின் வெளியே எந்த மாதம் திறந்தது, படகின் எந்தப் பாகத்துக்கு அடித்தது, தின்னர் கலந்ததா இல்லையா என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள். மூடியில் மட்டும் எழுதினால், மூடிகள் மாறிப்போகும்.